குதிரை வெறும் சத்தத்துக்கு

மூன்றாவது லைனில் இயந்திரம் பூட்ட வந்த
சீனத்து ஆட்கள்
பொத்தானுக்குப் பொத்தான் தமிழ்ச் சீட்டு ஒட்டிவிட்டு
ஊருக்குப் போனார்கள்.
ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து
வைகாசிக்குள் எல்லாம் உரிந்துவிட்டது.
மிச்சம் ஒன்று: 'நிறுத்துக'.
பிறகு அதிலும் 'க' போய்,
மரியாதையும் போய்,
'நிறுத்து' என்றது.

கங்கைகொண்டானில் நைட் ஷிப்ட்.
சோலார் தகடுகள் வரிசையில் நகர,
கேண்டீன் பில்லின் பின்பக்கம்
திரையில் கண்டதை வரைந்தேன்.
"ஏட்டி செம்பகம், என்ன கிறுக்குத?"
சேர்மக்கனிதான்.
"படிக்கேன்."
"படம்லா போடுத."
ரெண்டும் ஒன்றுதான் போல.

சதுரம் என்றால் வாய்.
ரெண்டு பக்கமும் நிலை நட்டால் கதவு.
கதவுக்குள் வாயை வைத்தால், கேள்.
கதவுக்குள் காதை வைத்தாலும், கேள்.
நமக்கு ஒரே சொல் போதும்;
அவர்கள் உறுப்பை மாற்றுகிறார்கள்.
கதவுக்குள் மனசை வைத்தால் புழுக்கம்.
அதற்கு மட்டும் எனக்குப் படம் வேண்டியிருக்கவில்லை.
சீவலப்பேரியில், கட்டிக்கொடுத்த வீட்டில்
ஒரு சித்திரை முழுக்க
அந்த எழுத்துக்குள்தான் இருந்தேன்.

இயந்திரத்தின் நெற்றியில், சிவப்பில்,
கூரைக்குக் கீழே ஒரு பெண்.
பாதுகாப்பாம்.
எண்பது பேர் இருக்கிறோம்
இந்தத் தகரக் கூரைக்குக் கீழ்.
போன மாசம் விரல் போனவள் உட்பட.

படுத்தியது புள்ளிதான்.
நம் எழுத்தில் தலைமேல் புள்ளி வைத்தால் உயிர் போகும்.
அங்கே, கை விரித்துக் கால் அகட்டி நிற்கிறவன் 'பெரிய'.
தோளுக்கு மேல் புள்ளி வைத்தால் அவன் நாய்;
கால்களுக்கு நடுவே வைத்தால் 'ரொம்ப'.
'ரொம்பச் சூடு' என்று திரை கத்திய ராத்திரி
'நாய்ச் சூடு' என்று வாசித்துவிட்டு
அதென்ன சூடு என்று யோசித்து நின்றேன்.
பதினாறு தகடு.
சூப்பர்வைசர் ஏசி முடித்ததும் வெளியே வந்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம்
சரணாலயத்து மான் ஒன்று
உடம்பெல்லாம் புள்ளியோடு பார்த்தது.
உன்னை எப்படி வாசிக்க?

பெண்ணும் குதிரையும் சேர்ந்தால் அம்மா.
ஒரு வாரம் இதிலேயே கிடந்தேன்.
எங்கம்மா தாழையூத்தில்,
சிமெண்ட் ஆபீஸ் காலனியில் அஞ்சு வீட்டுப் பாத்திரம்,
விடியும் முன்னே நாலுகால் பாய்ச்சல்.
பொருந்திவிட்டது.
பிடரிமயிர்கூடப் போட்டேன்,
வாயோரம் கொஞ்சம் நுரை.

பிறகு போனில் ஒரு பாடத்தில் சொன்னார்கள்,
குதிரை வெறும் சத்தத்துக்கு.
குதிரைக்கு அவர்கள் பேச்சில் 'மா'.
அவ்வளவுதான்.
முக்கால்வாசி எழுத்து அப்படித்தானாம்,
ஒரு பாதி பொருளுக்கு, மறுபாதி ஓசைக்கு.
உள்ளே கதை ஒன்றும் கிடையாது.

அந்தப் பில்லை இன்னும் வைத்திருக்கிறேன்.
டீ இரண்டு, வடை ஒன்று, முப்பத்தைந்து ரூபாய்.
பின்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறாள்.
அழிக்கவில்லை.

காலை ஆறு பத்து.
'நில்' என்ற எழுத்து
நிழற்குடையும் பக்கத்தில் ஓர் ஆளும்.
தூக்குவாளியோடு
மதுரை ரோட்டில்
கோடு பிசகாமல் நிற்கிறேன்.
ஜங்ஷன் போகிற பஸ்
வாசிக்காமல் போகிறது.