ஒற்றை விரல்

கோர்ட் என்றால் புதுக்கடை இல்லை.
மூன்று கட்டைகள் ஒரே மூச்சில் ஒலிப்பது.
அதற்கு மூன்று விரல் வேண்டும்,
என் இடக்கையில் அவ்வளவு கிடையாது.
உல்பெண்டால் வீதி அச்சகத்தில்
பேப்பர் வெட்டும் மெசின் நாலை எடுத்துக்கொண்டு
கட்டைவிரலை விட்டுவைத்தது.
நல்லவேளை, குருதட்சணை கேட்க
எனக்கு யாரும் இருக்கவில்லை.

நட்டஈட்டுக் காசில் வாங்கியது இந்தக் கீபோர்ட்.
சிங்கிள் ஃபிங்கர் என்று ஒரு பட்டன்.
அதை அழுத்திவிட்டு இடப்பக்கம் ஒரு கட்டையைத் தொட்டால் போதும்,
ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், பின்வரிசையில் வயலின்காரர் பத்துப்பேர்
சம்பளமும் சாப்பாடும் கேளாமல் வந்து சேருவார்கள்.
ஒரு விரலுக்கு மேஜர்.
மைனர் வேண்டுமென்றால்
இடப்புறத்துக் கறுப்புக் கட்டையையும் சேர்த்து அமத்தவேண்டும்.
சந்தோஷத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு இரண்டு.
கம்பனிக்காரன் யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

ஏ மைனர் எனக்குச் சுகம்.
வெள்ளையும் கறுப்பும் ஒட்டியபடி,
விரலைச் சற்றுச் சரித்தால் இரண்டும் இறங்கும்.
சி மைனர் சரிவராது,
நடுவில் ஒரு வெள்ளைக்கட்டை குறுக்கே நிற்கும்.
ஆகவே மெட்டில்டா சி-யில் பாடும்போது
நான் ஏ-யிலேயே இருந்துகொண்டு
ட்ரான்ஸ்போஸை மூன்று ஏற்றிவைப்பேன்.
அவள் முதுகுக்குப் பின்னால்
மூன்று விரல் காட்டுவாள்.
பதினொரு வருடக் கல்யாணத்தில்
எங்களுக்குள் ஆகச் சுருக்கமான பேச்சு அது.

சனிக்கிழமை, வெள்ளவத்தையில் ரிசெப்ஷன்.
கடற்கரைப் பக்க ஹோல்.
பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம்
என்னுடைய நூற்றிருபத்தெட்டுக்குள்
தன் கணக்கைக் கொண்டுவந்து கொட்டும்.
நாங்கள் பேசி நாலு நாள்.
செவ்வாய்க்கிழமை, 155 பஸ்ஸில்,
கீபோர்ட் இருவர் மடியிலும் குறுக்கே கிடக்க,
நான்தான் சொன்னேன்:
"பாட்டும் இந்தப் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டால்
நீயும் தேவையில்லை."
பகிடிக்குத்தான்.
அவள் யன்னலுக்கு வெளியே
மருதானையைப் பார்த்தாள்.

இந்த மெசினுக்கு ஒரு குணம்.
கையை எடுத்தாலும் நிற்காது.
கடைசியாக என்ன சொன்னோமோ
அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும்,
வேறொன்று சொல்லும்வரை.
செவ்வாய் சொன்னது சனிவரை ஓடிக்கொண்டிருந்தது.
நான் தலைமயிர் வெட்டினேன்,
பிளக் மாற்றினேன், சோற்றைப் போட்டுத் தின்றேன்.
அது ஓடியது.

பொம்பிளையின் தகப்பன் மேடைக்கு வந்து
தன் மனைவி இருந்த காலத்துப் பாட்டொன்று கேட்டார்.
முதுகுக்குப் பின்னால் மூன்று விரல்.
இரண்டாம் சரணத்தில்
மெட்டில்டா வாயைத் திறந்தாள்.
வரி வரவில்லை.

வலக்கையால் மெட்டை எடுத்துக்கொடுத்திருக்கலாம்.
கொடுத்தால் மறந்தது சபைக்குத் தெரிந்துவிடும்.
எண்டிங் பட்டன் சிவப்பாய்ப் பக்கத்திலேயே இருந்தது.
நான் இரண்டு கையையும் தூக்கி
மடியில் வைத்துக்கொண்டேன்.

பாண்ட் கடைசியாகச் சொன்னதையே வாசித்தது.
நாலு பார். எட்டு.
வட்டிலப்பம் மேசைமேசையாய்ப் போனது.
என்ன நடந்தது என்று ட்ரம்ஸ்காரன் கேட்கவில்லை,
கிட்டார்காரன் திரும்பிப் பார்க்கவில்லை.
இவ்வளவு காலமும் விடாப்பிடி என்று நினைத்திருந்தது
பொறுமையாகவும் இருக்கலாம் போல.
பன்னிரண்டு. ரயில் வந்து, போனது.
சபை அதை இடையிசை என்று நினைத்துத்
தலையாட்டியது.

பதினேழாவது பாரில் அவள் நுழைந்தாள்,
அங்கேதான் நுழைய இருந்தவள்போல.

ஓட்டோவில், கீபோர்ட் இருவர் மடியிலும் குறுக்கே.
கொள்ளுப்பிட்டி தாண்டியபிறகு கேட்டாள்:
"அந்தப் பதினாறு பாரும் என்ன செய்துகொண்டிருந்தீங்கள்?"
"ஒண்டும் இல்லை. கையை எடுத்திட்டன்."
"ம்."
கோல்ஃபேஸில் காற்று அடித்து
உறையின் வார் படபடத்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.
"நாளைக்கு மட்டக்குளியில எத்தனை மணிக்கு?"

"ஆறரை," என்றேன்.
பாண்ட் அந்தக் கணமே அதற்கு மாறியது.