ம் இல்லாத வாரம்

நவம்பரின் கடைசி வாரம் கொலம்பஸில்
ஓர் எழுத்துக்குத் தடை.
பல்கலைக்கழகப் பலகைகளில்
ஆங்கிலத்தின் பதின்மூன்றாம் எழுத்து எங்கே நின்றாலும்
அதன் மேல் சிவப்பு நாடா, பெருக்கல் குறியாக.
மிச்சிகன்காரர்கள் ஆட வருகிறார்கள்.
அவர்களுடைய முதலெழுத்து இங்கே தலைகாட்டக் கூடாது.
அவ்வளவுதான் காரணம்.

நான் ஒருபடி மேலே போனேன்.
திங்கள் இரவு அடுக்களையில்
மிளகு, மல்லி, மஞ்சள்
மூன்று டப்பாவிலும் ஒட்டினேன்.
மிளகாய்க்கு இரண்டு.
ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த மதிவதனி
விளக்கைப் போட்டாள், பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல்
வெறும் சீரகத்தில் ரசம் வைத்தாள்.

அவள் ஆன் ஆர்பரில் படித்தவள்.
பெண் பார்த்தபோது
சம்பளம் கேட்டார்கள், நட்சத்திரம் கேட்டார்கள்,
இதை ஒருவரும் கேட்கவில்லை.

வாரம் முழுக்க அவளைத் திவதனி என்று கூப்பிட்டேன்.
மைதானத்தை அரங்கு என்றேன்.
நேரம் கேட்க, "கடிகாரத்தில் எத்தனை?"
வாய் தவறி "மழை வருமா" என்றுவிட்டால்
ஒரு டாலர், அவள் உண்டியலில்.
வெள்ளிக்குள் பதினொன்று சேர்ந்தது.
அதில் நகப்பூச்சு வாங்கிக்கொண்டாள்.
என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

இன்று சனி.
நாலரைக்கே விழித்துவிட்டேன்.
ஆட்டம் பன்னிரண்டுக்கு.
நடுவில் ஏழரை.
ஜோசியர் சொன்ன ஏழரைச் சனி
இவ்வளவு சின்னது என்று தெரியாமல்
அப்பா எத்தனை எள்விளக்கு ஏற்றினார்.

சென்ற வெற்றியன்று போட்டிருந்த சாம்பல் காலுறை,
துவைக்கவில்லை.
வேலையில் நான் புள்ளியியல்காரன்.
தற்செயல் என்றால் தற்செயல்தான் என்று
டாக்டர்களுக்கு விளக்கிச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.
காலுறை வேறு விஷயம்.

பக்கத்து வீட்டு டுவெயின்
இருட்டிலேயே டிரக்கின் பின்கதவைத் தாழ்த்தி
அடுப்பு மூட்டியிருந்தான்.
கழுத்தில் பக்கைக் கொட்டை மாலை,
சட்டென்று பார்த்தால் உருத்திராட்சம்.
"தூங்கினாயா?"
"இல்லை."
"நல்லது," என்று ஒரு சாஸேஜ் கொடுத்தான்.
தூங்கியிருந்தால் கொடுத்திருக்க மாட்டான்.

ஒலென்டான்ஜி ஆற்றுப் பாலத்தில்
சிவப்பு, முன்னும் பின்னும் சிவப்பு.
ஆநிரை கவரப் போகிறவர்கள்
வெட்சி சூடுவார்கள் என்று
ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
பூ பகைவனுக்குக் காட்ட என்றுதான் எழுதினேன்.
இல்லை,
பக்கத்தில் நடக்கிறவனை நம்புவதற்கு.

என் பக்கத்தில் நடக்கிறவள்
கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள்.
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும்.
விடியற்காலை இஸ்திரிப் பெட்டி பெருமூச்சு விட்டது
சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது.

வாசலில் சோதிக்கிற பெண் கோட்டைத் திறக்கச் சொன்னாள்.
திறந்தாள்.
நீலத்தின் நடுவே
நெஞ்சை அடைத்துக்கொண்டு அந்த எழுத்து,
மஞ்சளில், நாடா இல்லாமல்.
வரிசை முழுவதும் ஊளையிட்டது.
நானும் இட்டேன். கடமை.
இவள் எல்லோருக்கும் குனிந்து
ஒரு கும்பிடு போட்டாள்.

லாட வடிவ அரங்கு. மேலடுக்கு.
பெஞ்சின் குளிர் எலும்பு வரை போகிறது.
கீழே வாத்தியக் குழு வந்துவிட்டது,
இவ்வளவு உயரத்தில் பித்தளை
ஒரு நொடி பிந்தியே கேட்கிறது.
என் கை நடுங்குவதைப் பார்த்து
அவள் கையுறையைக் கழற்றி
என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.
ஐந்து நகமும் நீலம்,
என் காசில்.

"யார் ஜெயித்தாலும் ஒரே காரில்தானே வீட்டுக்கு?"

"ம்."

வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டாள்.
இதன் மேல் எங்கே நாடா ஒட்டுவது?

உதைக்கிறவன் பந்தை நிறுத்திவிட்டுப்
பின்னால் எட்டு வைக்கிறான்.
எல்லோரும் எழுந்தாயிற்று.
என் வலது காலுறை நழுவிக்
குதிகாலுக்குக் கீழே போய்விட்டது.
குனிய நேரமில்லை.
அவன் கையைத் தூக்கிவிட்டான்.