ரெண்டாயிரத்துக்குள்

சத்துணவுக்கூடத்தில் முப்பத்தோரு வருசம் அடுப்பு.
பென்சன் ரெண்டாயிரம்.
பெருமாள்புரத்தில் அது
பைக் நிறுத்தக்கூடக் காணாது என்றான்
புரோக்கர் சொரிமுத்து.

பேட்டையில் மாடிப்படிக்கு
முழங்கால் ஒப்பவில்லை.
மேலப்பாளையத்தில் பத்து மாச அட்வான்ஸ்.
டவுனில் வீட்டுக்காரி சாதியைக் கேட்கவில்லை,
சொந்த ஊரில்
எந்தத் தெரு என்றுதான் கேட்டாள்.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுப் பக்கம்
ஆயிரத்து எழுநூறுக்கு ஓர் அறை.
நாகர்கோவில் வண்டி போகையில்
டம்ளர் தானாக நகரும்.
நகரட்டும்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டே
வீட்டுக்காரர் கேட்டார்:
"ஒத்தையில இருக்கிய,
ஏதும் ஒண்ணுன்னா யாருக்குப் போன் போட?"

சொரிமுத்து நம்பரைச் சொன்னேன்.

பக்கத்தில் நின்றவன்
ஒன்றும் பேசாமல்
கடைசி ரெண்டு எண்ணைத் திருத்தினான்.