நூற்றிருபத்தைந்து

எட்டாம் மாடி எலிசா லிம் வீடு மாறியபோது
நூற்றெண்பது ரிங்கிட்டுக்கு விட்டுப்போனாள்
சாம்பல் நிற இயந்திரத்தை.
டப்பா மூன்று, மூடி இரண்டு.
மூன்றாவது மூடி எங்கே என்றேன்.
"அது எனக்கு முன்னால் ஈப்போ போயிருக்கும்."

மருத்துவமனைக் காகிதத்தில்
நடேஸ்வரனின் பெயருக்கு எதிரே
பதினொன்று புள்ளி நான்கு.
அதிலிருந்து எங்கள் வீட்டு மைலோ டின்னில்
பட்டாணி இருக்கிறது.
குலா மெலாக்காவைப் பாஸ்போர்ட்டுகளோடு வைத்துப் பூட்டினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பினாங்குப் பாலத்தில் தினம் இருமுறை லாரி ஓட்டுகிறவர்,
நெரிசலிலும் ஹார்ன் அடிக்காதவர்.

கொழுப்பெடுத்த பால்.
பாண்டான் இலை இடித்துப் பிழிந்த சாறு.
நாக்கில் பட்டதும் குளிர்ந்து
ஓடிவிடுகிற போலி இனிப்பு.
பசைத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை.
டப்பாவின் கோடு வரைக்கும்தான்;
மீறினால் கத்தி தாங்காது.
பிறகு ஒரு பகல் ஓர் இரவு
மீன் பொட்டலங்களுக்கு அப்பால், சாயாமல்.

பாயான் லெப்பாஸ் ஆலையில் நான் பார்ப்பது சிப்புகள்.
மயிரளவு விரிசலுக்கும் ஒதுக்கிவிடுவேன்.
அதே கண்ணோடு நோட்டில் எழுதினேன்:
பால் நூற்றிருபது. பசை ஐந்து.
இலைக்கும் இனிப்புக்கும் கோடு.

ஷிஃப்ட் முடிந்து வந்து
பதினொன்றரைக்குப் பொத்தானை அழுத்தினேன்.
சுவரில் துளை போடுகிற சத்தம்.
ஏர்கோன் பெட்டியிலிருந்து புறாக்கள் எழுந்தன.
கீழ்வீட்டு புவான் ரொஹானி துடைப்பக்கட்டையால்
தன் கூரையை, என் தரையை,
இரண்டு தரம் இடித்தார்.
நியாயமான இடி.

திறந்தால் பச்சை மணல்.
கரண்டியில் நிற்காமல் உதிர்ந்தது.
கைலியை இறுக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்:
"சோப்புத்தூள் மாதிரி இருக்கு."
மூன்று வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன
மிக நீளமான வாக்கியம்.

ஈப்போவில் எலிசாவும் தூங்கவில்லை.
மலாயில் குரல் அனுப்பினாள், நடுவில் ஒரு கொட்டாவி:
சீனி இனிப்புக்கு மட்டுமா?
ஐஸைக் கல்லாக விடாமல் பிடித்துவைப்பதும் அதுதானே.
அதை எடுத்தால்
வேறு எதையாவது கொடுக்கணும்.

வேறு எதையாவது.
குளிர்பெட்டிக் கதவில்
நாளைய கோழிக்கறிக்கு எடுத்துவைத்த
தேங்காயின் முதல் பால்.
டாக்டர் இரண்டு கோடு போட்டு அடித்தது.
மணலின் நடுவில் குழி பறித்து
ஒரு கரண்டி ஊற்றினேன்.
மறுபடி சுற்றவிட்டேன்.

இந்த முறை இடி கதவில்.
துடோங் பாதி சுற்றியபடி புவான் ரொஹானி.
அவர் வாய் திறக்குமுன் கிண்ணத்தை நீட்டினேன்.
செருப்பைக் கழற்றாமல், நின்றபடியே தின்றார்.
"உப்பு ஒரு மாத்திரை கூடுதல்" என்றார்.
"இனிமேல் பத்து மணிக்கு முன்னால்" என்றார்.
கிண்ணத்தோடு இறங்கிப் போனார்.
கிண்ணம் இன்னும் வரவில்லை.

நடேஸ்வரன் டப்பாவின் ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தார்.
பச்சையில் கத்தி போட்ட வட்டங்கள் அப்படியே இருந்தன.
"தேங்காய்ப்பால் ஊத்துனியா?"
"இல்லையே."
பக்கக் கண்ணாடியில்
பின்னால் வருகிற மோட்டாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்,
போ என்று வழிவிடுகிற பார்வை.
கரண்டியின் பிடியை என் பக்கம் திருப்பினார்.

நோட்டில் நூற்றிருபத்தைந்து என்றே இருக்கிறது.
ஆலையாக இருந்தால் அந்தப் பக்கத்தை
நானே ஒதுக்கியிருப்பேன்.

மூன்றாவது டப்பாவுக்குச் சின்னத் தட்டைக் கவிழ்த்து
நேற்று உறையவைத்தேன்.
பாலிக் பூலாவ் டுரியான்,
ஒரே சுளை,
அதுவும் சின்னது.
கணக்கு இன்னும் போடவில்லை.