உப்பு வண்டிக்காரரின் வரைவு

ஆர்வோ காங்கஸ் தட்டச்சு செய்ய மாட்டார்.
விரல் தடிமன் என்பார். ஒரு விசையை அழைத்தால்
பக்கத்து வீட்டு விசைகளும்
பந்திக்கு வந்து உட்கார்ந்துவிடுகின்றனவாம்.

அதனால் பனி தள்ளும் லாரியில் இருந்தபடி
கைபேசியிடம் சொல்கிறார் கட்டுரையை,
டுலூத் நகரின் மேட்டுச் சாலைகளில்
இரவு இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே.
அது எழுதிக்கொள்கிறது.
எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறது.

வியாழன் மாலை ஆங்கில வகுப்பில்
அவர் வரைவுக்கு நான், என் வரைவுக்கு அவர்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து நேரே வருவேன்,
விரலிடுக்கில் பிளீச்சிங் வாடையோடு.
ஒரே ஆவணத்தை இருவரும் திறந்தோம்.
அவர் பெயர் பச்சைக் கோடாக நின்று துடித்தது.
என்னுடையது ஆரஞ்சு.

தலைப்பு: குளிர்கால டயர்களைக் கட்டாயமாக்க வேண்டும்.
முதல் வரி: நான் ஓட்டுவது அசால்ட் ட்ரக்.

'எ சால்ட் ட்ரக்' என்றுதான் சொன்னாராம்.
உப்பை அடிதடியாக்கிவிட்டது கைபேசி,
அதுவும் எவ்வளவு அசால்ட்டாக!
அடியில் சிவப்புக் கோடு இல்லை.
எழுத்து சரி. ஆள்தான் மாறிவிட்டார்.

இரண்டாம் பத்தியில் வானொலி நுழைந்து
ஏரிக்காற்றின் வேகம் சொல்லிவிட்டுப் போனது.
மூன்றாவதில் நீலக் கார் ஒன்றின் ஓட்டுநரையும்
அவரைப் பெற்றவளையும் பற்றி
அச்சில் ஏறாத ஐந்து சொற்கள்.
அவற்றுக்கும் மரியாதையாக
முற்றுப்புள்ளி வைத்திருந்தது.

இடையிடையே ஷெரில். ஷெரில். ஷெரில்.

யார் இந்த ஷெரில் என்றேன்.
யாருமில்லை, அது பிளேடு என்றார்.
இரும்பு தார் மேல் உரசும்போது
அதற்கு அப்படிக் கேட்கிறது.
வகுப்பே சிரித்தது. பெர்கெசன் டீச்சர் கூட
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நான்காம் பத்தியை நான் மட்டும் படித்தேன்.

வைத்துவிடாதே. பேச வேண்டாம், சும்மா இரு.
நான் இருக்கிறேன்.
பதினெட்டாம் தெரு முடித்துவிட்டேன், உன் தெரு அடுத்தது.
ஆகவே அரசு டயர்களுக்கு மானியம் வழங்க வேண்டும்.

வண்டியில் இரண்டு போன் வைத்திருப்பாராம்.
அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.
அன்று தெரிந்ததெல்லாம்
இலக்கணச் செயலி போட்ட நீலக்கோடும்
அதன் யோசனையும்:
தலைப்புக்குத் தொடர்பில்லை. நீக்கலாமா?

ஓரக்குறிப்பு எழுதுவது எப்படி என்று
போன வாரம்தான் பாடம்:
தீர்ப்புச் சொல்லாதே, கேள்வி கேள்.
மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன்.
நாலாவதாகக் கேட்டது:
இது இங்கே இருக்க வேண்டுமா?

இரண்டு வரிசை தள்ளி நாற்காலி முனகியது.
ஒற்றை விரலில், நிதானமாக,
பக்கத்து எழுத்தும் ஒட்டிக்கொண்டு,
பதில் வந்தது: யெஸ்ட்.
அப்புறம் 'தீர்ந்தது' என்ற பொத்தானை அழுத்தினார்.
என் கேள்வி மடங்கிக் காணாமல் போனது.

அடுத்த வாரம் உப்பு உப்பாகியிருந்தது.
ஏரிக்காற்று போய்விட்டது.
நீலக் கார்க்காரரின் தாய் பிழைத்துக்கொண்டார்.
மானியத்துக்கு மேலே அந்த நான்கு வாக்கியங்கள்
அப்படியே.
மதிப்பெண் பி மைனஸ்.
பெர்கெசன் எழுதியிருந்தார்: ஒத்திசைவு குறைவு.
அவர் சொன்னதிலும் தப்பில்லை.

நேற்று வேலை முடிய மூன்று மணி.
மடித்த போர்வைகள் மீது சாய்ந்தபடி
என் வரைவைத் தேடினேன். திறந்தது அவருடையது.
ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.
கட்டுரையின் அடியில், மதிப்பெண்ணுக்கும் கீழே,
பச்சைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது.
போனை அணைக்க மறந்திருப்பார்.

ஷெரில் என்று எழுதியது.
கொஞ்சம் வெள்ளை.
ஷெரில்.
எந்தத் தெருவோ.
செரில்.

திருத்தக் கை போயிற்று.