பத்து ஆம்பியர்

சுவா சூ காங், பதினோராம் தளம்.
கதவுக்கு மேலே சாம்பல் நிறப் பெட்டி,
மூடியில் மாரியம்மன் ஸ்டிக்கர்,
அதன் பக்கத்தில் பீட்சாக்கடைத் தொலைபேசி எண்.
"சின்ன வேலைதான் சிஸ்டர்" என்றார் குணாளன்.
"இந்த இருபதைக் கழற்றிட்டு
முப்பத்திரண்டு மாட்டுங்க.
பன்னிரண்டு வெள்ளி. நானே வாங்கி வச்சிருக்கேன்."
பிரிக்காத டப்பாவை
மோதிரப் பெட்டி மாதிரி நீட்டினார்.

தினமும் ஏழரைக்கு விழுகிறதாம்.
கெட்டில் ஒன்பதரை ஆம்பியர்.
ஏர்ஃபிரையரில் கோழி, ஏழரை.
சோற்றுப்பானை மூன்று.
பள்ளிச் சீருடை மேல் நகரும் இஸ்திரிப்பெட்டி
கிட்டத்தட்டப் பத்து.
மனசுக்குள் கூட்டினேன். முப்பது.

இருபது ஆம்பியர் பிரேக்கர்
முப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும்.
உள்ளே ஒரு தகடு
சூடாகிச் சூடாகி வளைந்து
பிறகுதான் கையை உதறும்.
அந்தக் கொஞ்ச நேரம்
சுவருக்குள் யார் எரிகிறார் என்பதுதான் கேள்வி.

மெயினை அணைத்தேன்.
வீடு முழுக்க ஒரு பெருமூச்சு, மின்விசிறிகள் தேய்ந்து நின்றன.
டெஸ்டரை ஒரு முறை வைத்தேன்,
இன்னொரு முறை என் மகளுக்காக.
திருகைத் தளர்த்திக் கம்பியை வெளியே இழுத்தேன்.

இரண்டரை இருக்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன்.
ஒன்றரை.
விளக்குக்கு ஓட வேண்டிய கம்பி.
முன்னாள் வீட்டுக்காரர் காலத்தில்
சமையலறை அலமாரிக்குப் பின்னால் எவரோ
சாக்கெட்டுக்கு இழுத்துவிட்டு,
விழுந்தபோது பத்தை எடுத்து இருபது வைத்திருக்கிறார்.
நீட்டிய டப்பா, அதே யோசனையின் அடுத்த படி.

நுனியில் உறை பழுப்பேறியிருந்தது.
வளைத்தேன்,
அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"பிரேக்கர் உங்க கெட்டிலுக்குக் காவல் இல்லை.
இந்தக் கம்பிக்குக் காவல்.
ஒன்றரைக்குப் பத்து, இரண்டரைக்கு இருபது.
முப்பத்திரண்டு வேணும்னா
ஆறு சதுர மில்லிமீட்டர், தனி வரிசை, பெரிய அடுப்புக்கு.
இது என் பிடிவாதம் இல்லை,
செம்போட பிடிவாதம்."

கருகியதை வெட்டினேன், மினுங்கும் செம்பு தெரியும் வரை.
மெக்கரில் பார்த்தேன். இன்னும் தாங்கும்,
பத்து வரை.
பையிலிருந்து பத்தை எடுத்து மாட்டினேன்.

குணாளன் முகத்தை என்ன சொல்ல.
"இருபது பத்தலைன்னு கூப்பிட்டா
பத்தைப் போட்டுட்டுப் போறீங்க?
ரெண்டு ஷிஃப்டு முடிச்சிட்டு வந்து
இருட்டுல நிக்கிறவன் நான்."

யாமினி ஒன்றும் பேசவில்லை.
டைல்ஸ் மேல் விழுந்து கிடந்த உறைத்துணுக்கைக்
குனிந்து எடுத்தாள்,
கணவன் உள்ளங்கையில் வைத்தாள்.
இரண்டு விரலால் தேய்த்தார் அவர்.
தூளானது.
பிள்ளை படுக்கும் அறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு ஆகும்?"
"ஞாயிறு வர்றேன். இரண்டரைக் கம்பி,
புது டிரங்கிங், இஸ்திரிக்குத் தனி வரிசை.
முந்நூற்று எண்பது."
"முந்நூற்று ஐம்பது."
"முந்நூற்று எழுபது. கோப்பி நீங்க வாங்கிக் கொடுக்கணும்."

கீழே கோப்பிக்கடையில்
கோப்பி-ஓ கொசோங் மேசைக்கு வருவதற்குள்
போன் அதிர்ந்தது.
"சிஸ்டர், மறுபடியும் விழுந்திடுச்சு."
"நல்லது" என்றேன்.

அந்தப் பக்கம் அமைதி.
தூரத்தில் யாமினி சிரிப்பது கேட்டது,
கெட்டிலா, கோழியா என்று
யாரோ யாரையோ கேட்பதும்.

"ஒண்ணைப் பிடுங்கிட்டுத் தூக்கி விடுங்க.
அப்புறம் அந்த முப்பத்திரண்டு,
பில் இருக்கா?
இருந்தா நாளைக்கே திருப்பிக் கொடுத்திடுங்க."