கேட்ட கேள்வி

"நாள் தள்ளிப் போயிருக்கா?"
ஸ்டான்லி ஓ.பி.யில் டாக்டரம்மா கேட்டார்.
மூஞ்சிப் பருவுக்கும் அதுக்கும்
இன்னா சம்பந்தம்?
கோபத்தோடு இல்லை என்றேன்.

அப்புறம்தான் மாத்திரை எழுதினார்.
ஒரு சொம்புத் தண்ணியோடு,
முழுங்கினதும் படுக்காமல்.
ராத்திரி களிம்பு.
மூணு மாசம், அதுக்கு மேல் வேண்டாம்.
வெயில் ஆகாது.

காசிமேட்டில் ஏலக்கணக்கு எழுதுபவள் நான்.
வெயில் ஆகாதென்றால்
வஞ்சிரத்தை வீட்டுக்கா வரச் சொல்வேன்?

முதல் வாரமே மூக்கு உரிந்தது.
"வெந்த இறா மாரி கீற" என்றாள் ஜெனோவா.
அண்ணனின் கிரிக்கெட் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டேன்.

பத்தாவது வாரம் கன்னம் தணிந்திருந்தது.
தழும்பு ரெண்டு, அப்படியே.
ஜெனோவா என் பையைத் துழாவி
ஸ்ட்ரிப்பை எடுத்தாள்:
"மீதிய குடுத்துடு.
எனுக்கும் நெத்தியெல்லாம் பொரிஞ்சி கீது."

மீதி என்று ஒன்றும் இல்லை,
எண்ணிக் கொடுத்தது என்றேன்.
"கஞ்சப் பிசினாறி."

காலையிலிருந்து அவள்
கூடை வரும்போதெல்லாம்
முந்தானையால் மூக்கைப் பொத்துவதை
அப்போதுதான் கவனித்தேன்.
பதினாறு வருஷம் மீனில் நிற்பவள்.

"நாள் தள்ளிப் போயிருக்கா, ஜெனோ?"

ஸ்ட்ரிப்பை
என் பைக்குள்ளேயே வைத்தாள்.
ஜிப்பை
மெதுவாக இழுத்தாள்.